மஞ்சளும் மைக்ரோ கன்ட்ரோலரும்

(இறுதியாண்டு, மின்னணு மற்றும் தொடர்புப் பொறியியல் துறை)



ஒரு கையில் சந்தனக் கல், மறு கையில் செல்போன். இன்றைய அழகுக் கலை இப்படித்தான் நிற்கிறது. "உங்கள் முகத்தைப் படம் எடுங்கள், இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள், உங்களுடையது வாதச் சருமமா, பித்தச் சருமமா, கபச் சருமமா என்று ஒரே நிமிடத்தில் சொல்கிறோம்" என்று ஆப்கள் அழைக்கின்றன. சொன்ன கையோடு அதற்கேற்ற எண்ணெய், பொடி, க்ரீம் அடங்கிய பெட்டியையும் வீட்டுக்கு அனுப்பி வைக்கின்றன. ஆயுர்வேதமும் எலக்ட்ரானிக்ஸும் கைகோர்ப்பது நல்ல விஷயம்தானே என்று நானும் முதலில் நினைத்தேன். எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட் அந்த நினைப்பில்தான் ஆரம்பித்தது. அது முடிந்த இடம் வேறு. அந்தக் கதையை இந்த ஆண்டு மலரில் பாடமாகவே எழுதி விடலாம் என்று தோன்றியது.

தொடக்கம் என் அக்கா. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்கா அப்படியொரு ஆப்பை இறக்கி, காலையில் ஜன்னல் ஓரம் நின்று படம் எடுத்தாள். "பித்தச் சருமம்" என்று வந்தது. சாயங்காலம் கூடத்து டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்தாள். "கபச் சருமம்" என்று வந்தது. கேள்விகளுக்கு அவள் சொன்ன பதில் ஒன்றே. முகமும் ஒன்றே. பெட்டி மட்டும் மாறிவிட்டது, விலையும்தான்.

"டேய் தம்பி, நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கறே? இதுல எதுடா நெசம்?"

பதில் தெரியவில்லை. மூன்று வருடம் படித்தும் தெரியவில்லையே என்பது உறைத்தது. மறுநாளே எங்கள் நால்வர் குழு, புராஜெக்ட் தலைப்பை மாற்றிக் கொண்டது.

கேமரா பார்ப்பது முகத்தை அல்ல

செல்போன் கேமராவின் சென்சார் மேல் சிவப்பு, பச்சை, நீலம் என்று மிக நுண்ணிய வடிகட்டிகள் சதுரம் சதுரமாக ஒட்டப்பட்டிருக்கும். நான்கு சதுரத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். இதற்குப் பேயர் வடிகட்டி என்று பெயர். முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைத்தான் அது அளக்கிறது. ஆக, ஒளி எதிலிருந்து வந்தது என்பது பாதி விடையைத் தீர்மானித்து விடுகிறது. காலை வெயில் ஒரு நிறம், டியூப் லைட் ஒரு நிறம், குண்டு பல்பு இன்னொரு நிறம். இந்த வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க, போனுக்குள் இருக்கும் புரோகிராம் "இங்கே வெள்ளை எது?" என்று தானாகவே ஊகித்து எல்லா நிறத்தையும் நகர்த்தும். அதன் மேல் முகத்தை மெழுகு பூசினாற்போல ஆக்கும் அழகு வடிகட்டி வேறு. சில போன்களில் அதை அணைத்து விட்டோமா இல்லையா என்பதே நமக்குத் தெரியாது.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து ஒரு படம், அதே இடத்தில் நீலச் சட்டையைப் பிடித்து இன்னொரு படம். கன்னத்தின் நிறம் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. அக்காவின் பித்தம் சாயங்காலம் கபமாக மாறியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை என்பது எங்கள் முதல் முடிவு.

எங்கள் பெட்டி

ஆகவே, சுற்றுப்புற ஒளியே புகாத ஒரு கருவி செய்வோம் என்று இறங்கினோம். டிசிஎஸ்34725 என்ற நிற சென்சார், ஒரு இஎஸ்பி32 போர்டு, சின்ன டிஸ்ப்ளே. இவ்வளவுதான் எலக்ட்ரானிக்ஸ். அந்த சென்சார் சிவப்பு, பச்சை, நீலம், மொத்த ஒளி என நான்கு எண்களை 16 பிட்டில் தரும். போர்டிலேயே ஒரு வெள்ளை எல்இடி உண்டு. பிவிசி பைப்பின் மூடி ஒன்றை எடுத்து, உள்பக்கம் மங்கலான கருப்புப் பெயின்ட் அடித்து, அதற்குள் சென்சாரைப் பொருத்தினோம். முன்கையில் வைத்து அழுத்தினால் வெளிச்சம் உள்ளே போகாது.

அளவுக் கருவி என்றால் அதற்கு ஒரு 'வெள்ளை' வேண்டும். ஆய்வகத்தில் இதற்கென்று வாங்கும் வெள்ளைத் தகடுகள் விலை அதிகம். பிளம்பர் குழாயில் சுற்றும் டெஃப்ளான் டேப்பைப் பல அடுக்காகச் சுற்றினால் நல்ல வெள்ளை கிடைக்கும் என்று படித்தோம். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. கருப்புக்கு ஒரு துண்டு வெல்வெட். ஒவ்வொரு தடவையும் முதலில் டேப், பிறகு வெல்வெட், பிறகுதான் கை.

ஒரு வேடிக்கை. முதல் வாரம் முழுக்க அளவுகள் தாறுமாறாக வந்தன. ஒரே கையில், ஒரே இடத்தில், ஒரு நிமிட இடைவெளியில் வேறு வேறு எண்! சென்சாரைத் திட்டினோம். உண்மையில் குற்றம் எங்கள் கையில். மூடியை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்து ரத்தம் விலகி, தோல் வெளுத்து விடுகிறது. லேசாகப் பிடித்தால் சிவப்பு கூடுகிறது. கடைசியில் பால் பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்குகள் மூன்றை மூடிக்குள் வைத்து, ஒரே அளவு அழுத்தம் வரும்படி செய்த பிறகுதான் எண்கள் நின்றன. நாடி பார்க்கும் வைத்தியர் விரலை எவ்வளவு அழுத்துகிறார் என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது என்று சொல்வார்கள். எனக்கு அது அன்றுதான் விளங்கியது.

சிவப்பு-பச்சை-நீல எண்களை அப்படியே வைத்துக் கொண்டு தோலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. 1976-ல் சர்வதேச ஒளியியல் ஆணையம் வகுத்த நிற அளவு முறைக்கு அவற்றை மாற்ற வேண்டும். அதில் மூன்று எண்கள். எல்-ஸ்டார் என்பது வெளிச்சம்: 0 என்றால் கருப்பு, 100 என்றால் வெள்ளை. ஏ-ஸ்டார் கூடினால் சிவப்பு. பி-ஸ்டார் கூடினால் மஞ்சள். தோல் ஆராய்ச்சியில் இந்த எண்களிலிருந்து ஒரு கோணம் கணக்கிடுவார்கள். 1991-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்வைத்தது. எல்-ஸ்டாரிலிருந்து 50-ஐக் கழி, அதை பி-ஸ்டாரால் வகு, வந்ததற்கு டேன் இன்வெர்ஸ் போடு. கோணம் 55 டிகிரிக்கு மேல் என்றால் மிக வெளுப்பு. 41 முதல் 55 வரை வெளுப்பு. 28 முதல் 41 வரை இடைநிலை. 10 முதல் 28 வரை வெயிலில் பழுத்த நிறம். கழித்தல் 30 முதல் 10 வரை பழுப்பு. அதற்கும் கீழே கருமை. முதலாண்டுக் கணிதத்தில் டேன் இன்வெர்ஸை "இது எங்கேடா உதவப் போகுது" என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

வெற்றி! (என்று நினைத்தோம்)

அம்மாயியிடம் நலங்கு மாவு வாங்கி வந்தேன். பச்சைப் பயறு, பூலாங்கிழங்கு, கிச்சிலிக் கிழங்கு, கோரைக் கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், ரோஜா இதழ், மஞ்சள். வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தது. தினமும் காலையில் இடது முன்கையில் பூசி, காய்ந்ததும் கழுவி, கல்லூரிக்கு வந்ததும் அளந்தோம். மூன்று வாரம். நால்வரில் மூன்று பேருக்குக் கோணம் ஏறியது. ஏற்றம் சின்னதும் இல்லை. ஒரு படி வெளுப்பு என்று சொல்லும்படியான ஏற்றம்.

சொல்லவா வேண்டும்? "பாட்டி வைத்தியத்தை நிரூபித்த மைக்ரோ கன்ட்ரோலர்" என்று முதல் ஸ்லைடே தயாராகி விட்டது. நான்காவது நண்பன் ஒருவன்தான் இடைஞ்சல். எங்கள் குழுவில் அவன்தான் நிறம் கம்மியில்லாதவன். 'பாலாடை' என்று கூப்பிடுவோம். (என் நிறத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அது மலரில் அச்சேற்றும்படி இருக்காது.) அவனுக்கு மட்டும் கோணம் இறங்கியது. மாவு பூசப் பூசக் கறுத்துப் போனான் என்றது மீட்டர்! "மச்சான், நீ ஒழுங்கா பூசலடா" என்றோம். அவன் சத்தியம் செய்தான். கடைசியில் 'சென்சார் கோளாறு' என்று பென்சிலால் எழுதி அவனுடைய அளவுகளை எல்லாம் அடித்து விட்டோம். அடித்தது நான்தான். ஒப்புக் கொள்கிறேன்.

முதல் ரிவியூவில் எங்கள் கைடு மேடம் பட்டியலை இரண்டு நிமிடம் பார்த்தார். "ஏம்ப்பா, வலது கையோட அளவு எங்கே?" என்று கேட்டார். நாங்கள் எடுக்கவே இல்லை. "சரி, இந்தக் கோணம் ஏறினது எல்-ஸ்டார் ஏறினதாலயா, இல்லை பி-ஸ்டார் ஏறினதாலயா?" நாங்கள் அதையும் பார்க்கவில்லை. கோணத்தை மட்டும்தான் பார்த்தோம். "உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டு வாங்க."

போட்டோம். உங்களுக்காக எளிய எண்களில் தருகிறேன். ஒருவனுடைய எல்-ஸ்டார் 45, பி-ஸ்டார் 15 என்று வைத்துக் கொள்வோம். 45-ல் 50 போனால் கழித்தல் 5. அதை 15-ஆல் வகுத்து டேன் இன்வெர்ஸ் போட்டால் கழித்தல் 18.4 டிகிரி. இப்போது தோலில் ஒன்றும் மாறாமல், மேலே மஞ்சள் மட்டும் ஒட்டியிருக்கிறது. எல்-ஸ்டார் அதே 45; பி-ஸ்டார் 30 ஆகி விட்டது. கழித்தல் 5-ஐ 30-ஆல் வகுத்தால் கோணம் கழித்தல் 9.5. ஆக, ஒன்பது டிகிரி 'வெளுப்பு'! அடுத்து வெளுப்பான ஒருவன். எல்-ஸ்டார் 60, பி-ஸ்டார் 15. கோணம் 33.7, அதாவது இடைநிலை. அவனுக்கும் அதே மஞ்சள் ஒட்டி பி-ஸ்டார் 30 ஆனால் கோணம் 18.4. வெயிலில் பழுத்த நிறம்!

எல்-ஸ்டார் 50-க்குக் கீழே இருப்பவனுக்கு மஞ்சள் கறை வெளுப்பாகத் தெரியும். 50-க்கு மேலே இருப்பவனுக்கு அதே கறை கறுப்பாகத் தெரியும். பாலாடையின் அளவில் கோளாறே இல்லை. நால்வரில் உண்மையைக் காட்டிக் கொடுத்த அளவு அவனுடையதுதான். அதைத்தான் நான் பென்சிலால் அடித்திருந்தேன்.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற பொருளால் வருவது. சுமார் 425 நானோமீட்டர் பக்கத்து நீல-ஊதா ஒளியை அது விழுங்கி விடும். எங்கள் வெள்ளை எல்இடியோ, உள்ளே ஒரு நீல எல்இடி, மேலே மஞ்சள் பாஸ்பர் பூச்சு என்ற அமைப்பு. நீலம் விழுங்கப்பட்டால் சென்சார் என்ன செய்யும், பாவம்! ஒரே ஒரு நாள் பூசிக் கழுவிய கையிலும் மூன்று வார 'முன்னேற்றம்' அப்படியே வந்ததைப் பார்த்த பிறகு ஸ்லைடை அழித்தோம்.

ஆரத்தித் தட்டில் இருக்கும் வேதியியல்

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சில நாட்களில் ஏ-ஸ்டார், அதாவது சிவப்பு, திடீரென்று ஏறியது. ஆப் பாஷையில் சொன்னால் 'உணர்திறன் மிக்க சருமம், எரிச்சல் அதிகம்'. உடனே ஒரு குளிர்ச்சி க்ரீம் பரிந்துரை வந்திருக்கும். காரணம் என்ன தெரியுமா? அந்த நாட்களில் மாவைக் கழுவ நாங்கள் கட்டி சோப்புப் போட்டிருந்தோம். கட்டி சோப்பின் பிஎச் அளவு 9, 10 பக்கம். மஞ்சள் காரத்தில் சிவக்கும். முதலாண்டு வேதியியல் லேபில் மஞ்சள் தாளை வைத்துச் செய்தது இதையேதான். ஏன், வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுகிறதே, அதேதான். ஆரத்தித் தட்டில் நடப்பது கன்னத்தில் நடந்தால் மீட்டர் அதை வியாதி என்கிறது!

வெயிலில் நடந்து வந்த நாட்களில் மஞ்சள் அளவு குறைந்தும் இருந்தது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை அம்மா வெயிலில் விரித்துப் போடுவாள், கறை மங்கிவிடும். குர்குமினுக்கு ஒளி ஆகாது. இதை எல்லாம் அம்மாக்கள் அறிவார்கள். ஆப் எழுதியவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு ஒழுங்காகச் செய்தோம். ஒரு கையில் மாவு, மறு கை சும்மா. மஞ்சள் சேர்க்காமல் அரைத்த மாவு ஒரு தடவை. கழுவிய மறுநாள் காலையில் அளவு. இரண்டு கைக்கும் இடையே வந்த வித்தியாசம், ஒரே கையை நாங்கள் இரண்டு தரம் அளந்தால் வரும் வித்தியாசத்தைத் தாண்டவில்லை. நால்வர், சில வாரம். இதை வைத்து நலங்கு மாவு வீண் என்று சொல்லி விடாதீர்கள். எண்ணெய்ப் பசையை எடுக்கிறது, தோல் மெத்தென்று இருக்கிறது, மணக்கிறது. அதை அளக்கும் சென்சார் எங்களிடம் இல்லை. நிறத்தை மாற்றியதா என்றால், எங்கள் பெட்டிக்குத் தெரிந்தவரை இல்லை. அவ்வளவுதான்.

ஈரப்பதம் அளக்கும் பேனா போன்ற கருவிகளையும் ஒரு நாள் பார்த்தோம். தண்ணீரின் மின்கடவுத் திறன் சுமார் 80. உலர்ந்த தோலுக்கு அது மிகக் குறைவு. அதனால் தோலின் மேலடுக்கில் தண்ணீர் கூடினால் மின்தேக்கு அளவு கூடும். நல்ல தத்துவம். ஆய்வகங்களில் பயன்படும் கருவிகளே இதில்தான் இயங்குகின்றன. ஆனால் சோற்றுக் கற்றாழையைத் தடவிய அடுத்த நிமிடமே பேனாவை வைத்தால், அது தோலை அளக்காமல் கற்றாழையில் இருக்கும் தண்ணீரையே அளக்கும். விளம்பரத்தில் 'உடனடி ஈரப்பதம்' என்று காட்டுவது பெரும்பாலும் இந்தக் கண்கட்டு வித்தைதான். இரண்டு மணி நேரம் கழித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெரிய இடத்திலும் இதே தவறு

இது நாலு பையன்கள் செய்த அசட்டுத்தனம் என்று நினைக்க வேண்டாம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே பல்ஸ் ஆக்சிமீட்டர், அது 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. நடுவில் தோலின் நிறம் குறுக்கிடுகிறது. 2020 டிசம்பரில் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு, மீட்டர் 92 முதல் 96 வரை 'சரியாக' இருக்கிறது என்று காட்டியவர்களிலேயே, உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம் என்றது. மூச்சுத் திணறுகிறவரைப் பார்த்து 'நீ நன்றாக இருக்கிறாய்' என்று சொல்லும் கருவி! மருத்துவமனைக் கருவிக்கே இந்தக் கதி என்றால் இலவச ஆப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

தோலின் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவு 1975-ல் தொடங்கியது. வெயில் பட்டால் யார் தோல் பொசுங்கும் என்று பார்ப்பதற்காக வந்தது. முதலில் வெளுத்த தோலுக்கு மட்டும்தான் வகைகள் இருந்தன. நம்மைப் போன்றவர்களுக்கான வகைகள் பிறகுதான் சேர்ந்தன. 2022-ல் எல்லிஸ் மங்க் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய பத்து நிற அளவை கூகுள் வெளியிட்டது. ஆறு பத்தானது முன்னேற்றம்தான். ஆனால் நீங்கள் இறக்கும் ஆப் எந்த ஊர் முகங்களைக் காட்டிப் பழக்கப்பட்டது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது.

ஏட்டில் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில் ஒரு ஆயுர்வேத மருத்துவரைப் போய்ப் பார்த்தோம். "வர்ணம்னா வெளுப்புன்னு யாரு தம்பி உங்களுக்குச் சொன்னது?" என்று கேட்டு சரக சம்ஹிதையைப் பிரித்தார். உடலின் இயல்பான நிறங்கள் என்று அதில் நான்கு சொல்லப்பட்டிருக்கிறது. கருமை, மாநிறம், மாநிறம் கலந்த வெளுப்பு, வெளுப்பு. நான்கும் இயல்பு. அடுத்த வரிசையில் நோயைக் குறிக்கும் நிறங்கள் வருகின்றன. அந்த வரிசையில் வெள்ளை இருக்கிறது! என் பட்டப்பெயரை நினைத்துக் கொண்டு நான் அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

நிறத்துக்கு நல்லது என்று சரகர் தொகுத்த பத்து மூலிகைகளில் சந்தனம், வெட்டிவேர், அதிமதுரம், மஞ்சிட்டி, நன்னாரி எல்லாம் உண்டு. அங்கே 'நல்லது' என்பதற்கு அந்த மனிதனுக்கு இயல்பான நிறம் தெளிவாக இருப்பது என்று பொருள் என்றார். பிரகிருதி பார்ப்பதும் அப்படித்தான். பேச்சு, நடை, பசி, தூக்கம், தோல், நாடி எல்லாம் சேர்த்துப் பார்ப்பது. மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2024 நவம்பர் 26-ல் நாடு முழுக்கப் பிரகிருதி பரிசோதனை இயக்கம் தொடங்கியபோது ஆப்தான் பயன்பட்டது. ஆனால் எதிரே பயிற்சி பெற்ற ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்தார். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். செல்ஃபி ஒன்றை வைத்துப் பித்தம், கபம் என்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கம்ப்யூட்டரால் மஞ்சளுக்கு உண்மையில் நடந்த நன்மையையும் சொல்லிவிட வேண்டும். 1995-ல் மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு பேட்டன்ட் கொடுத்து விட்டார்கள். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு, மஷேல்கர் அதன் தலைவராக இருந்தபோது, பழைய நூல்களை எடுத்து வைத்து வாதாடி 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ஒவ்வொரு தடவையும் இப்படி ஓட முடியாது என்றுதான் 2001-ல் மரபறிவு டிஜிட்டல் நூலகம் தொடங்கினார்கள். ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் உள்ள மருந்து முறைகள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில் பேட்டன்ட் அலுவலர்கள் தேடிப் பார்க்கும்படி ஏற்றப்பட்டன. பளபளப்பான முகப்படம் ஒன்றும் அதில் இல்லை. வேலை நடந்தது.

மீட்டர் கைதட்டும் விஷம்

டிசம்பர் மாதத்தில் அக்கா ஒரு சின்ன டப்பாவோடு வந்தாள். பார்லரில் கொடுத்தார்களாம். 'மூலிகை' என்று மட்டும் ஒட்டியிருந்தது. சேர்மானம் இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை. நான்கு நாள் பூசியிருந்தாள். ஆப்பில் அவளுடைய 'பொலிவு மதிப்பெண்' நாளுக்கு நாள் ஏறியிருந்தது. எங்கள் பெட்டியில் வைத்துப் பார்த்தேன். இந்தத் தடவை பி-ஸ்டார் அப்படியே இருந்தது. எல்-ஸ்டார் ஏறியிருந்தது. மஞ்சள் வித்தை இல்லை, நிஜமாகவே வெளுத்திருக்கிறது.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், வெளுப்பாக்கும் க்ரீம்களைப் பூசி வந்தவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். க்ரீமில் இருந்தது பாதரசம். பாதரசம் தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால் நிறம் உண்மையிலேயே வெளுக்கும். உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டு அழகு சாதன விதிகள் பாதரசம் சேர்ப்பதையே தடை செய்கின்றன. தற்செயலாகக் கலந்திருந்தால்கூடக் கண்ணுக்குப் பூசும் பொருட்கள் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அந்த டப்பாவில் பாதரசம் இருந்ததா? எங்கள் பெட்டியால் சொல்ல முடியாது. ஆப்பாலும் முடியாது. பாதரசக் க்ரீமை எங்கள் கருவியிடம் காட்டினால் முதல் மதிப்பெண் கொடுத்திருக்கும். இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தவித்தேன். "மதிப்பெண் ஏறுதுக்கா, அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. மறுநாள் தோல் மருத்துவரிடம் போனோம். க்ரீமை நிறுத்தச் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். கெடுதல் ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. அதுவரை அந்த நான்கு நாள், வீட்டில் அம்மாயி என்னிடம் "ஏஞ்சாமி, நான் அரைச்சுக் குடுத்த மாவுலயா கோளாறு?" என்று கேட்டுக் கொண்டே இருந்தார்.

கையில் போன் இருப்பதால் உருப்படியாகச் செய்யக் கூடியதும் உண்டு. புதிதாக எதைப் பூசுவதானாலும் முழங்கையின் உள்பக்கம் சின்னதாகப் பூசி, இரண்டு மூன்று நாள், ஒரே ஜன்னல் ஓரத்தில், பக்கத்தில் வெள்ளைத் தாள் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்ட அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. டப்பாவின் லேபிளையும் படம் எடுங்கள். கடை மஞ்சள் தூளில் மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் கலப்பது உண்டு. லேபில், பெரியவர்கள் மேற்பார்வையில், நீரில் கலந்த தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விடுங்கள். இளஞ்சிவப்பு வந்து, மேலும் தண்ணீர் ஊற்றினாலும் அது போகாமல் நின்றால் சாயம். முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டு வாங்குகிறவர்கள் கவனிக்க: உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிறிய நிறம், கறை அவ்வளவாகப் பிடிக்காது. பளீரென்று மஞ்சளாகப் பிடித்தால் அது சமையல் மஞ்சளாகவோ வேறு கிழங்காகவோ இருக்கலாம்.

அக்காவின் கல்யாணம் தையில் நல்லபடி நடந்தது. நலங்கு வைத்த அன்று அத்தைகள் போட்டி போட்டுக் கொண்டு மஞ்சள் பூசினார்கள். ஆப்பை அவள் முன்பே நீக்கி விட்டிருந்தாள்.

கருவி ஆய்வகத்தின் இரண்டாவது அலமாரியில், பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அடுத்த ஆண்டு எடுத்துச் செய்கிறவர்கள் டெஃப்ளான் டேப்பை மட்டும் புதிதாகச் சுற்றிக் கொள்ளவும். பழையது தூசி பிடித்து விட்டது. ஸ்பிரிங் மூன்றில் ஒன்று தளர்ந்திருக்கிறது. பாலாடையின் அளவுகளை ரப்பரால் அழித்து மீட்டு, ரெக்கார்டின் 41-ஆம் பக்கத்தில் சேர்த்திருக்கிறோம். பென்சில் தடம் இன்னும் லேசாகத் தெரியும். எண்கள் படிக்கும்படி இருக்கின்றன.